முத்துப்பேட்டைச் சேறும் ஓர் ஆரஞ்சு நிறமும்

கடல் நுண்ணுயிர்களில் மருந்து தேடுகிறேன் என்றால் ஊரில் எல்லோரும் ஆழ்கடலை நினைத்துக்கொள்கிறார்கள். நான் போனதெல்லாம் ஜாம்புவானோடையில் படகேறி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குத்தான். மூச்சுவேர்களுக்கு நடுவே முழங்கால் வரை புதையும் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டியும் படகோட்டி அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை. "மீனை விட்டுவிட்டுச் சேற்றை அள்ளுகிறீர்களே தம்பி, இதை யார் வாங்குவார்கள்?" என்றார்.

சேற்றை உலர்த்தி, 55 டிகிரியில் சிறிது நேரம் சூடாக்குவோம். வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதில் மடிந்துவிடும். எங்களுக்கு வேண்டிய ஆக்டினோமைசீட்டுகளின், அதாவது பூஞ்சை போல இழையிழையாக வளரும் பாக்டீரியாக்களின், வித்துகள் தாக்குப்பிடிக்கும். பிறகு கடல்நீர் சேர்த்த ஸ்டார்ச் கேசீன் அகரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் போன்ற ஊட்டப்பொருள்) பரப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள் மெதுவாகத் தலைகாட்டும். தட்டைத் திறந்தால் கோடை மழையின் மண்வாசனை! அந்த வாசனையைத் தரும் ஜியோஸ்மினைத் தயாரிப்பவை இவைதான்.

அவற்றில் ஒன்று அகரையே ஆரஞ்சு நிறமாக்கியது. சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் குழி வெட்டி அதன் சாற்றை விட்டோம். மறுநாள் குழியைச் சுற்றி அகலமான தெளிந்த வளையம்; அங்கே அந்த பாக்டீரியா வளரவே இல்லை. அன்று மாலை எல்லோருக்கும் என் செலவில் டீயும் பஜ்ஜியும். பிறகு மூலக்கூறுகளை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்தப் பொருளின் மூலக்கூறு எடை 1255-ஐ ஒட்டி வந்தது. எண்ணைப் பார்த்ததும் வழிகாட்டி மேடம் சிரித்துவிட்டார். ஆக்டினோமைசின் டி! வாக்ஸ்மன், உட்ரஃப் என்ற விஞ்ஞானிகள் 1940-லேயே ஆக்டினோமைசினை மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து அது. சரக்கு நல்லதுதான், புதியது அல்ல.

வளையம் எவருக்கும் கிடைக்கும். அதற்குக் காரணம் ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று கழித்துப் பார்ப்பதில்தான் காலமும் காசும் கரைகின்றன. வளையத்தைப் பார்த்தவுடனே "புற்றுநோய்க்கு மருந்து" என்று செய்தி கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு பதில்

அந்த எரிச்சல் எனக்கும் உண்டு, அண்ணா. அப்படிப்பட்ட செய்தித்தாள் நறுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு என் சித்தப்பா வந்தார். அவருக்குக் குடலில் புற்றுநோய். "நம் உப்பளத்துச் சேற்றிலேயே மருந்து இருக்கிறதாமே, கீமோவை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பஹாமாஸ் கடலடி மண்ணில் கிடைத்த சாலினிஸ்போரா என்ற ஆக்டினோமைசீட்டின் கதையைச் சொன்னேன். அதிலிருந்து பிரித்த சாலினோஸ்போரமைடு என்ற பொருளைப் பற்றிய கட்டுரை 2003-இல் வந்தது. மூளைப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனை வரை போன பிறகும் அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. "அவ்வளவு தூரம் போயுமா?" என்றார் சித்தப்பா. கீமோவை நிறுத்தவில்லை. சித்திதான் அந்த நறுக்கை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

நானும் உப்பளச் சேற்றில்தான் வேலை செய்கிறேன். பாதிக்குப் பாதி கடல்நீர் சேர்த்தால் என் தட்டுகளில் எதுவும் சரியாக வளர்வதில்லை. உப்பைக் கூட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?