ரேடியேட்டர் எலக்ட்ரிக் பேன் ஓடத் தொடங்கினா நிக்குதில்ல: சுவிட்ச் மேல் ஹோஸிலயா, கீழயா?

கல்லடி வேகன்:
கொரோலா டிஎக்ஸ் வேகன், கேஈ72, 4கே எஞ்சின். பம்பில இருந்த பேனைக் கழட்டிட்டு 12 அங்குல எலக்ட்ரிக் பேன் போட்டிருக்கு. எஞ்சினில இருந்து ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸை வெட்டி 32 மிமீ அலுமினிய அடாப்டர் வைச்சு, அதில 87-82 சுவிட்ச் (87 பாகையில பேனை ஓட்டும், 82இல நிப்பாட்டும்). தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) புதுசு, 82. பேன் ஒருக்கா ஓடத் தொடங்கினா சாவி எடுக்கிற வரைக்கும் ஓடுது, கல்முனை ரோட்டில 60இல போகக்குள்ளயும்தான். கேஜ் நடுவுக்குக் கீழ. 95 சுவிட்ச் வாங்கிறதா, இடத்தை மாத்திறதா?

அக்கரைப்பற்று வயரிங்:
தம்பி, சுவிட்ச் பழுதில்ல. 82 தேர்மோஸ்டாட் 82இல திறக்கத் தொடங்கும், முழுசாத் திறக்க 95 அளவு ஆகும். எஞ்சினை விட்டு வாற தண்ணியை 82க்குக் கீழ அது இறங்க விடாது, இறங்கினா வாயை மூடிரும். மேல் ஹோஸில ஓடுறது அந்தத் தண்ணிதான். உங்கட சுவிட்ச் 82க்குக் கீழ வந்தாத்தான் பேனை நிப்பாட்டும். எப்ப வாறது?

மேலயே வைக்கிறதெண்டா நிக்கிற இலக்கம் தேர்மோஸ்டாட்டை விட 6, 8 பாகை கூட இருக்கணும்: 95-90. ரேடியேட்டரின்ட கீழ் டாங்கிக்கு மாத்தினா கையில இருக்கிற 87-82 சுவிட்சே சரி. அங்க இருக்கிறது ஆறி இறங்கின தண்ணி. ஓட்டத்தில 82க்கு நல்லாக் கீழ நிக்கும். சந்தை நெரிசலில கச்சான் காத்துக்குள்ள நிண்டா ரேடியேட்டரால ஆத்த ஏலாம 87க்கு ஏறும். பேன் தேவை அப்பதான். கீழயே வைங்க.

களுவாஞ்சிகுடி:
கீழ வைச்சா, தேர்மோஸ்டாட் மூடினபடி இறுகின நாளில எஞ்சின் கொதிக்கும், டாங்கி பச்சைத் தண்ணியா இருக்கும், பேன் அசையாது. எஞ்சின் பக்கம் வைக்கிறதுதான் பாதுகாப்பு.

அக்கரைப்பற்று வயரிங்:
அந்த நேரம் பேன் ஓடியும் பலனில்ல. சுடுதண்ணி ரேடியேட்டருக்கு வந்தாத்தானே காத்து ஆத்தும். அதைக் காட்டத்தான் கேஜ், அதின்ட சென்சரை எஞ்சினிலயே விடுங்க. நான் பயப்படுறது மேல் ஹோஸுக்கு. தண்ணி குறைஞ்சா முதல்ல வெறுமையாகிறது அதுதான். சுவிட்ச் முனை ஆவிக்கும் காத்துக்கும் நடுவில நிக்கும், சூடு சரியாப் பிடிக்காது, பேன் பிந்தும்.

அடாப்டரைக் கழட்டிக் கீழ் ஹோஸில போட வேணாம். பம்ப் உறிஞ்சுற பக்கம் அது. கிளிப் தளர்ந்தா ஓட்டத்தில காத்தை உள்ள இழுக்கும், ஒழுக்கு கண்ணில படாது. ரேடியேட்டர் கடையில கீழ்ப் பித்தளை டாங்கியில, வெளிக்குழாய்க்குக் கிட்ட, சுவிட்சின்ட புரிக்குப் பொருந்துற பித்தளை நட்டை ஈயம் வைச்சு ஒட்டச் சொல்லுங்க. கூடுதலா 22 மிமீ விட்டம், 1.5 மிமீ இடைவெளிப் புரிதான் வரும். சுவிட்சைக் கையோட கொண்டு போங்க. செப்பு வாசர் போடுங்க, முனை எதிர்ச் சுவரில முட்டப்படாது. முனையை ரேடியேட்டர் தகட்டுக்குள்ள குத்துற வகை வேணவே வேணாம், குழாயை அரிச்சு ஓட்டையாக்கும்.

களுவாஞ்சிகுடி:
சரி, வயரிங்கையும் பாருங்க. ஒத்தைப் பின் சுவிட்ச் உடம்பாலதான் எர்த் எடுக்கும். ரப்பர் ஹோஸுக்கு நடுவிலயும், ரப்பர் புஷ்ஷில நிக்கிற ரேடியேட்டரிலயும் எர்த் இல்ல, தனி வயர் இழுக்கணும். பேன் கரண்டைச் சுவிட்சுக்குள்ளால விடாதீங்க, 40 அம்பியர் ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுறது) போடுங்க. ரிலேயின்ட பின் இலக்கப்படி: 30க்கு பேட்டரியில இருந்து 30 அம்பியர் பியூஸ் வழியா, 87 பேனுக்கு, 86 இக்னிஷனுக்கு, 85 சுவிட்சால எர்த்துக்கு. பேன் வயர் 4 சதுர மிமீ. வாவிக்கரைக் காத்துக்கு பின்னெல்லாம் பச்சை பிடிக்கும், கிரீஸ் பூசுங்க. கடைசியா ரேடியேட்டருக்கு முன்னால ஒரு கடதாசி பிடிங்க. ஒட்டினாச் சரி, பறந்தா பேன் வயரை மாத்திக் குடுங்க.

கல்லடி வேகன்:
நன்றி அண்ணன்மார். ஒட்ட முதல் சுவிட்சைச் சோதிக்கிறது எப்பிடி?

அக்கரைப்பற்று வயரிங்:
சட்டியில தண்ணி வைச்சு, சுவிட்சை நூலில தொங்க விடுங்க. முனை மட்டும் தண்ணிக்குள்ள, சட்டி அடியில படாம. தேர்மாமீற்றரும் பக்கத்தில. மல்டிமீற்றரைத் தொடர்பு இருந்தாச் சத்தம் போடுற நிலையில வைச்சு, பின் ரெண்டிலயும் (ஒத்தைப் பின்னெண்டா பின்னிலயும் உடம்பிலயும்) குடுத்து மெல்லச் சூடாக்குங்க. 87 கிட்டச் சத்தம் வரணும், அடுப்பை அணைச்சா 82 கிட்ட நிக்கணும். 2 பாகை முன்னப்பின்ன பரவாயில்ல.

பச்சைத்தண்ணியில சத்தம் வந்து, சூடேறி 93 கிட்ட நிண்டா அது பழுதில்ல, பிந்தின டொயோட்டாக்களுக்கு வாற தலைகீழ் சுவிட்ச். மேல சொன்ன ரிலேயில அதைப் போட்டா குளிரில பேன் ஓடும், கொதிக்கக்குள்ள நிண்டுரும். அதுக்கு 87அ (ரிலே இழுக்காத நேரம் 30ஓட தொடுக்கிற பின்) உள்ள அஞ்சு பின் ரிலே எடுத்து, பேனை 87இல இல்லாம 87அவில குடுங்க. அப்ப 30க்கு பேட்டரியில இருந்து நேராக் குடுக்காதீங்க, சாவி எடுத்தாலும் பேன் ஓடும்; சாவியோட வேலை செய்யிற இன்னொரு ரிலே வழியாக் குடுங்க.