புதுப்பிப்பு: ஊட்டிக் குளிரில் பிக்கப் ஸ்டார்ட் ஆகிவிட்டது

உறைபனிக் காலையில் என் பழைய டீசல் பிக்கப் பற்றாமல் வெள்ளைப் புகை மட்டும் கக்குகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பேட்டரிதான் காரணம் என்று நினைத்தேன், இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சின் உள்ளே சூடேற்றித் தரும் க்ளோ பிளக்குகள் நான்கையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். நல்ல பிளக் சுமார் 1 ஓம் காட்டும். இரண்டில் ரீடிங்கே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. நான்கையும் மாற்றினோம். எர்த் கேபிள் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பையும் சுரண்டியாச்சு.

இன்று காலை புல்லெல்லாம் வெள்ளை. 10 விநாடி ஹீட் கொடுத்து, கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், ஈதர் ஸ்ப்ரே (எஞ்சின் சட்டென்று பிடிக்க காற்று போகும் வழியில் அடிக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம்) அடிக்கச் சொன்ன நண்பர்களே, க்ளோ பிளக் உள்ள எஞ்சினில் தயவுசெய்து வேண்டாம். சூடான பிளக்கில் பட்டால் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும்.