மாடில போட்ட பசுமைக்குடில் இட்லிக் குண்டான் மாதிரி கொதிக்குது, எப்படி சூட்ட கொறைக்கிறது?

காட்பாடி மொட்டைமாடி

வணக்கம் நண்பர்களே, நான் வேலூர் பக்கம் காட்பாடி. போன கார்த்திகைல மொட்டை மாடில 10க்கு 12 அடில சின்னதா ஒரு குடில் போட்டேன், நடு உயரம் 8 அடி, ஜிஐ பைப், மேல 200 மைக்ரான் யூவி ஷீட், பக்கவாட்டுல கீழ 3 அடி ஷீட்டு அதுக்கு மேல 40 மெஷ் (இஞ்சுக்கு 40 கண்ணு) பூச்சி வலை. மார்கழி தைல எல்லாம் அருமையா இருந்துச்சு, தக்காளி குடமிளகாய் ரெண்டும் அக்கம்பக்கத்துக்கு குடுக்குற அளவுக்கு காய்ச்சுது.

பங்குனி பொறந்ததுல இருந்து பிரச்சனை. மதியம் 2 மணிக்கு உள்ள 53 டிகிரி காட்டுது, தக்காளி பூ காம்போட கொட்டுது, குடமிளகாய்ல வெயில் படுற பக்கம் வெள்ளையா வெந்த மாதிரி ஆகிடுது. வீட்ல சும்மா கெடந்த ஏர் கூலர தூக்கிட்டு போய் உள்ள வச்சு கதவ சாத்திட்டு ஓட விட்டேன், மொத அரைமணி நேரம் ஜில்லுனு இருந்துச்சு அப்புறம் பாத்தா உள்ள நிக்கவே முடியல, சட்டை ஒட்டிக்குது, நாலு நாள்ல இலைல கருப்பு கருப்பா புள்ளி வேற. குடில் கிட் வித்தவர கேட்டா "நல்லா தண்ணி ஊத்துங்க சார்"னு சொல்லிட்டு வச்சிட்டாரு. வீட்டம்மா "பேசாம இதுல வத்தல் போட்ருவோமா"னு கேக்குறாங்க. அக்னி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, மே 4க்குள்ள எதாவது பண்ணியாகணும், சொல்லுங்க.

கொடிக்கால் பேரன்

மொதல்ல ஒன்னு கேக்குறேன் சகோ, அந்த தெர்மாமீட்டர் எங்க தொங்குது? நேரா வெயில் படுற இடத்துலன்னா அந்த 53 காத்தோட சூடு இல்ல, தெர்மாமீட்டரோட சூடு. வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்னு எடுத்து சுத்தி ஓட்டை போட்டு கவுத்து, அதுக்குள்ள தெர்மாமீட்டர தொங்க விட்டு செடி உயரத்துல கட்டுங்க, அப்புறம் வர்ற நம்பர் தான் கணக்கு.

ஷேட் நெட், அதான் நிழல் வலை, போட்டிருக்கீங்களான்னு எழுதல. போட்டா ஷீட்டுக்கு வெளிய மேல போடணும், உள்ள கட்டிறாதீங்க. உள்ள கட்டுனா வெயில் ஷீட்ட தாண்டி வந்துருது, வலை மேல பட்டு சூடாகுது, அந்த சூடு வெளிய போக வழி இல்லாம உள்ளயே சுத்தும். ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவுல ஒரு அடியாவது இடைவெளி விட்டு தனி கம்பில கட்டுங்க, அந்த இடைவெளில காத்து ஓடும். 50 சதவீதம் வெயில மறைக்கிற வலை போதும், 75 போட்டா செடி வெளிச்சம் தேடி ஒல்லியா ஓடும். வெள்ளை கெடைச்சா வெள்ளை, கருப்பு வாங்காதீங்க, அதுவே அடுப்பு மாதிரி காயும்.

எங்க தாத்தா வெத்தல கொடிக்கால் வச்சிருந்தாரு, சித்திரை வெயில்ல உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும். அகத்திய நெருக்கமா நட்டு அதுல கொடிய ஏத்தி விடுவாங்க, நிழலும் ஆச்சு, இலை விடுற ஈரமும் ஆச்சு, மேல எந்த மூடியும் கெடையாது. நாம துட்டு குடுத்து மூடி வாங்கி போட்டுட்டு சூடா இருக்குனு அழுவுறோம் 😀

ஓசூர் ரோஸ்

நான் ஓசூர் பக்கம் ரோஜா பாலிஹவுஸ்ல (ஷீட்டு போட்ட பெரிய குடில்) 9 வருஷமா சூப்பர்வைசர். எங்க ஊரு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துல இருக்கு, அதனால தான் இங்க பாலிஹவுஸ் ஓடுது, அப்பவும் ஏப்ரல் மே எங்களுக்கே கஷ்டம் தான். குடில்ங்கறதே குளிர் நாட்டுல சூட்ட பிடிச்சு வைக்க கண்டுபிடிச்சது, கொப்பரை காய வைக்கிற சோலார் டிரையர் பாத்திருக்கீங்களா, அதுவும் இதே ஷீட்டு இதே வளைவு தான். உங்க வீட்டம்மா கேட்டதுல தப்பே இல்ல சார்.

கூலர் விஷயம். கூலர் தண்ணிய ஆவியாக்கி தான் குளிர்ச்சி குடுக்குது, ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது முக்கா யூனிட் கரண்டுக்கு கொஞ்சம் கம்மியான அளவு சூட்ட உறிஞ்சும், அது நல்ல விஷயம். ஆனா நீங்க கதவ சாத்திட்டீங்க, அதே ஈரக்காத்த திரும்ப திரும்ப இழுக்குது, காத்துல ஈரம் நெறஞ்சு போச்சுன்னா அப்புறம் தண்ணி ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது, புழுக்கமும் பூஞ்சையும் தான் மிச்சம். கூலர வெளிய வச்சு உள்ள பாத்து ஊத விடுங்க, நேர் எதிர் பக்கம் மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அளவு எப்படி பாக்குறதுன்னா உள்ள இருக்குற காத்து மொத்தமும் நிமிஷத்துக்கு ஒருதரம் மாறணும், உங்களுது 10 x 12 x 8, வளைவ கழிக்காம 960 கன அடின்னே வச்சுக்கங்க, அப்ப 1000 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 1000 கன அடி) பக்கம் இழுக்குற ஃபேன் வேணும். பாத்ரூம்ல மாட்டுற குட்டி ஃபேன் எல்லாம் பத்தாது.

வேலூர் வறண்ட வெயில்ங்கறதால உங்களுக்கு இது வேல செய்யும். வெளிய 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்னா ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் 26 பக்கம் காட்டும், தண்ணிய ஆவியாக்கி அதுக்கு கீழ எறக்க முடியாது, நல்ல பேட் (தண்ணி ஊறுற கூலர் அட்டை) இருந்தா 29, 30 வரைக்கும் எறக்கலாம். வீட்டு கூலர்ல அவ்வளவு எதிர்பாக்காதீங்க.

இன்னொன்னு, 40 மெஷ் வலை பூச்சிய மட்டும் தடுக்கல, காத்தையும் நல்லாவே தடுக்குது, தூசி படிஞ்சா சுத்தமா அடைச்சிடும். ஹோஸ் வச்சு வாரம் ஒருதரம் கழுவுங்க. என்னைய கேட்டா கோடைக்கு மேல் ஷீட்டையே கழட்டி வச்சிருங்க.

அம்பத்தூர்ல இருந்து

ஏன் இவ்வளவு கஷ்டம், பழைய ஸ்பிலிட் ஏசி ஒன்ன மாட்டி விட்டா?

ஓசூர் ரோஸ்

தம்பி, உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு சுமாரா 1 கிலோவாட். இவரோடது 11 சதுர மீட்டர், 11 கிலோவாட் தலைல விழுது. 1 டன் ஏசி வெளிய தள்றது மூன்றரை கிலோவாட். மூணு ஏசி மாட்டி தக்காளி கிலோ என்ன வெலைக்கு விக்கிறது?

வேளச்சேரி ஜெயாக்கா

தம்பி, நான் சென்னை, அதனால கூலர் மிஸ்ட் கதையெல்லாம் நம்பி ஏமாந்தவ. மூணு வருஷம் முன்ன 12 நாசில் வச்சு தண்ணிய பனி மாதிரி தூவுற மிஸ்டர் போட்டேன், இங்க காத்துலயே அவ்வளவு ஈரம், கடல் காத்து வந்தா தான் உண்டு, அது வர்ற வரைக்கும் எதுவும் எடுபடல. போதாக்குறைக்கு போர் தண்ணி உப்பு, ரெண்டே வாரத்துல நாசில் அடைச்சு இலை பூரா வெள்ளை படலம். உங்க ஊரு வறண்ட ஊரு, உங்களுக்கு சரிவரும், ஆனா போர் தண்ணின்னா யோசிங்க, சாயங்காலம் 4 மணிக்கு மேல தெளிக்காதீங்க, ராத்திரி இலை ஈரமா இருந்தா அந்த கருப்பு புள்ளி நிக்காது.

யாரும் தரைய பத்தி பேசல பாருங்க. மாடித் தளம் பகல் பூரா சூட்ட குடிச்சிட்டு ராத்திரி 11 மணி வரைக்கும் விடும், வெறுங்கால்ல நின்னு பாருங்க தெரியும். குடில சுத்தி தரைல சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிச்சிருங்க, கொஞ்சம் ஃபெவிகால் கலந்தா கால்ல ஒட்டாது. செடி வச்சிருக்குற பைய தரைல வைக்காம செங்கல் மேல ஏத்தி வைங்க. கருப்பு க்ரோ பேக்னா மதியம் பைக்குள்ள வெரல விட்டு பாருங்க, வேர் வெந்துட்டு இருக்கும். நான் பழைய வெள்ளை வேட்டிய கிழிச்சு ஒவ்வொரு பைக்கும் பாவாடை கட்டி விட்டேன், சிரிக்காதீங்க, வேல செய்யுது. மேல் மண்ணுல தேங்கா மட்டையோ காஞ்ச இலையோ ரெண்டு இஞ்ச் போடுங்க.

அப்புறம் கீழ் இலைய எல்லாம் வீடியோ பாத்து கிள்ளிட்டீங்களா? கோடைல கிள்ளக் கூடாதுப்பா, இலை தான் காய்க்கு குடை. குடமிளகாய் வெந்தது அதனால கூட இருக்கும்.

காட்பாடி மொட்டைமாடி

அக்கா கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்க, கிள்ளினேன் 🙈

கொடிக்கால் பேரன்

இன்னொரு விஷயம் மறந்துட்டேன், கோடை மழைக்கு முன்னாடி அடிக்கிற காத்து இருக்கே, வலை அதுல பாய்மரம் மாதிரி தூக்கும். காலுக்கு தளத்துல ஓட்டை போடாதீங்க, ஒழுகும். 20 லிட்டர் பெயிண்ட் வாளில கான்கிரீட் ஊத்தி பைப்ப நடுல நிறுத்திருங்க.

காட்பாடி மொட்டைமாடி

மே 12, அப்டேட். எல்லாருக்கும் நன்றி, பண்ணத சொல்றேன்.

ஐஸ்கிரீம் டப்பால தெர்மாமீட்டர் வச்சதும் 53 வந்து 46 ஆச்சு, வெளிய அப்ப 39. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மச்சானோட சேந்து மேல் ஷீட்ட கழட்டிட்டேன், கீழ 3 அடி ஷீட்டையும் கழட்டி வலை போட்டாச்சு, மேல ஒன்றரை அடி தூக்கி 50 சதவீதம் வெள்ளை நெட். அதுக்கே உள்ளயும் வெளியும் ஒரே சூடு ஆயிடுச்சு, ஃபேன் ஒன்னும் வாங்கல. மேக்கால இருந்து காத்து வர்ற பக்கம் சாக்க தொங்கவிட்டு மேல ஓட்டை போட்ட பிவிசி பைப்ல சொட்டு சொட்டா தண்ணி விடுறேன், நேத்து வெளிய 41 அடிச்சப்ப சாக்கு பக்கத்து செடிகிட்ட 36, அந்த கோடில 39. காத்து நின்னா இதுவும் நின்னுடுது.

தக்காளி பூ இன்னும் கொட்டத்தான் செய்யுது. பகல் 35 தாண்டினா மகரந்தம் செத்துரும், ராத்திரியும் எறங்கல, 28லயே நிக்குது, அதனால தக்காளிய விட்டுட்டேன். ஆனா குடமிளகாய் 11 செடில 7 தப்பிச்சிருக்கு, புதுசா இலை விடுது. காலி பைல வெண்டையும் கொத்தவரையும் போட்டிருக்கேன், வலைக்குள்ள தேனீ வராட்டியும் ரெண்டும் காய்க்கும்ல. ஜெயாக்கா, வேட்டி பாவாடை கட்டியாச்சு, பக்கத்து வீட்டு தாத்தா செடிக்கு எப்ப சீமந்தம்னு கேக்குறாரு.

கழட்டின ஷீட்டு சும்மா இல்ல. வீட்டம்மா கட்டில்ல கூழ் வடகம் புழிஞ்சு அதுக்கு மேல கூடாரம் மாதிரி கட்டிட்டாங்க, ரெண்டு முனையும் தொறந்து விட்டு, காக்கா தொல்லையும் இல்ல ஒரே நாள்ல காஞ்சிடுச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஷீட்ட திருப்பி குடுக்கணும்னு பேசி வச்சிருக்கேன், தருவாங்களான்னு தெரியல.