அடர்நீலச் சுவருக்கு வெள்ளை சீலிங்கா? யார் சொன்னது?

சுவர்க்கோழி:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "சாம்பல் கலந்த அடர்நீலம் அடித்தால் சீலிங்கையும் அதே நீலத்தில் முடிக்க வேண்டும். வெள்ளையாக விடுவது பாதியில் நின்றுபோன வேலை." படித்ததும் எரிச்சல் தலைக்கேறிவிட்டது. வாங்கும் வெளிச்சத்தில் எவ்வளவு திருப்பித் தரும் என்று பெயிண்ட் அட்டையில் 0 முதல் 100 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்த வகை நீலங்கள் பெரும்பாலும் 10ஐ ஒட்டியே கிடக்கும். நல்ல வெள்ளை 80ஐத் தாண்டும். நாலு சுவரும் வெளிச்சத்தை விழுங்கிய பிறகு அறைக்கு மிச்சம் சீலிங் ஒன்றுதான். அதையும் நீலத்தில் முக்கிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கடைசிக்கோட்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். வெள்ளை விட்டால் சுவர் முடியும் இடத்தில் ஒரு கோடு விழுகிறது. கண் நேரே அங்கே போய் நின்றுகொண்டு, கூரை எவ்வளவு தாழ்வு என்று அளந்து சொல்லிவிடுகிறது. ஒரே நிறமென்றால் அந்தக் கோடே இல்லை. அவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பவர் அடர்நீலத்தை ஏன் தொட்டார்?

சுவர்க்கோழி:
சுவர் முடிவதும் கூரை தொடங்குவதும் தெரியாத இடத்துக்குக் கிணறு என்று பெயர். சீலிங் வெள்ளைதான்.

மஞ்சள்விளக்கு:
எந்த விளக்கில் பார்த்துவிட்டு இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள்? 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் இந்த நீலம் சோர்ந்து சாம்பலாகிவிடும், சில கலவைகள் பச்சைப் பக்கம் சாயும். 4000 கெல்வின் வெள்ளை விளக்கில் அதே டப்பா வேறு நிறமாகத் தெரியும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்துப் பகலிலும் இரவிலும் பார்க்காமல்...

சுவர்க்கோழி:
கேள்வி சீலிங் பற்றியது. விளக்குக் கடை வேறு இழையில் விரிக்கவும்.

கடைசிக்கோட்:
விளக்குப் பேச்சு அவருக்குக் கசக்கத்தான் செய்யும். மங்கலான ஒளியில் சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 1819இலேயே கவனித்துவிட்டார். நீல சீலிங் அறையை இருட்டாக்கும் என்பவர்களுக்கு இது சமர்ப்பணம்.

சுவர்க்கோழி:
அது அந்திக் கருக்கலுக்கும் நிலா வெளிச்சத்துக்கும் பொருந்தும் சங்கதி ஐயா. விளக்கு எரியும் கூடத்துக்கு அல்ல. அரைப்பக்கம் படித்துவிட்டு அறிஞரை இழுத்து வராதீர்கள். சீலிங் வெள்ளைதான்.

பட்டிமேஸ்திரி:
இருவருமே ரோலர் பிடித்ததில்லை என்று தெரிகிறது. சீலிங்கும் சுவரும் சந்திக்கும் விளிம்பு அநேகமாக எந்த வீட்டிலும் நூல் பிடித்தாற்போல் இருக்காது. அங்கே வெள்ளையையும் நீலத்தையும் மோதவிட்டால் கோணல் பளிச்சென்று தெரியும். டேப் ஒட்டி அடித்தாலும், அதை அழுத்தித் தேய்க்காவிட்டால் நீலம் அடியில் புகுந்துவிடும். உரித்துப் பார்த்தால் வெள்ளையில் பல் பல்லாகக் கறை நிற்கும். விளிம்பில் பட்டி ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தத் தொல்லை குறையும். அதுபோக, இந்த நிறத்துக்கு அடியில் சாம்பல் பிரைமர் போடுங்கள். வெள்ளைப் பிரைமர் மேல் அடித்துவிட்டுத் திட்டுத்திட்டாகத் தெரிகிறதே என்று மேஸ்திரியைத் திட்டாதீர்கள்.

சுவர்க்கோழி:
பட்டி சரியாக இருந்தால் வெள்ளை நிற்கும் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். நன்றி.

பட்டிமேஸ்திரி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அமைதிப்பூங்கா:
சீலிங்குக்கு மட்டும் அதே நீலத்தைப் பாதிச் செறிவில் கலந்து அடித்தால் என்ன? இரண்டு பேர் சொல்வதும் நடந்துவிடும் அல்லவா?

கடைசிக்கோட்:
வேண்டாம் அம்மா. அந்தக் கோடு அப்போதும் தெரியும்.

சுவர்க்கோழி:
முதல்முறையாக இவர் சொல்வது சரி. அது நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை.

மஞ்சள்விளக்கு:
சீலிங்கையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். நாற்காலி முதுகு உரசும் உயரத்தில், பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட் பளபளத்துப்போய் நிற்பதை யாராவது பார்த்தீர்களா? ஈரத்துணியால் தேய்த்தால் அந்தப் பளபளப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். வெளிர் நிறத்தில் கண்ணுக்குப் படாது, இந்த நீலத்தில் வாசலில் இருந்தே தெரியும்.

கடைசிக்கோட்:
சமையலறை விவாதத்தில் "சாட்டின் அடிப்பவர்களுக்கு ரசனை கிடையாது" என்று, மேட்டைவிட லேசாக மினுங்கும், துடைத்தாலும் தாங்கும் அந்தப் பெயிண்டைப் பழித்து முழங்கியவர் நம் சுவர்க்கோழிதானே? இப்போது ஏன் சத்தமே இல்லை?

சுவர்க்கோழி:
அங்கே நான் சொன்னது கூடத்துச் சுவருக்கு. முழுவதையும் படிக்கும் வழக்கம் உங்களுக்கு எந்த இழையிலும் இல்லை. உங்கள் நீல சீலிங்கைப் படமெடுத்துப் போடுங்கள். பகலில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு.

கடைசிக்கோட்:
சமையலறை விவாதத்தில் நீங்கள் போடுவதாகச் சொன்ன படம் இன்னும் வரவில்லை. முதலில் அது வரட்டும்.

சுவர்க்கோழி:
பேச்சை மாற்றுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். சீலிங் வெள்ளைதான்.

பட்டிமேஸ்திரி:
என் பெயரைச் சொல்லி நன்றி போட்டீர்களே, அந்தப் பதிவை முதலில் நீக்குங்கள்.