மூன்று தலைமுறைப் படங்கள்: ஒட்டிப்போன ஆல்பம், வினிகர் வாடை நெகட்டிவ். எங்கிருந்து தொடங்குவது?

ஆல்பம்_3: தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளை, அப்பா எடுத்த கலர் என்று மொத்தம் 1,200 படங்கள். பிள்ளைகள் கையில் ஒழுங்காக ஒப்படைக்கவேண்டும். கலர்ப் படங்கள் பசை தடவிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பத்தில் இருக்கின்றன; எடுத்தால் வரவில்லை. ஒரு டப்பா நெகட்டிவில் வினிகர் வாடை. சட்டம் போட்ட கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஸ்கேன் எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? படத்தின் பின்னால் எதால் எழுதுவது?

இருட்டறை: படங்களைப் பிரிக்கும் முன் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாக ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடுங்கள். எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதை வைத்துத்தான் தேதியில்லாத படத்தின் தேதியைப் பின்னாளில் கண்டுபிடிக்க முடியும்.

பிரிக்க, மெழுகு பூசாத பல் இடுக்கு நூல் போதும். ஒரு முழம் வெட்டி இரண்டு கை விரலிலும் சுற்றி, மூலையில் நுழைத்து, அட்டையை ஒட்டியே ரம்பம்போல முன்னும் பின்னும் இழுங்கள். படம் அசையாமல் கிடக்க, நூல்தான் நகரவேண்டும். படத்தை வளைத்தால் மேலிருக்கும் ஜெலட்டின் (படம் பதிந்திருக்கும் பூச்சு) வெடித்து வெள்ளைக் கோடு விழும், அதைச் சரிசெய்ய வழியில்லை. ஹேர் டிரையர் காட்டச் சொல்வார்கள். சூட்டில் பசையோடு ஜெலட்டினும் இளகும், எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலுக்கும் மசியாத படத்தை விட்டுவிடுங்கள். சுற்றிலும் அட்டையை வெட்டி, அட்டையோடே பத்திரப்படுத்தலாம்.

கண்ணாடியில் ஒட்டியது ஈரத்தின் வேலை. ஜெலட்டினே பசையாகிவிட்டது. இழுத்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

நெகட்டிவ்_பெட்டி: அந்த டப்பாதான் முதல் வேலை, ஆல்பம் காத்திருக்கும். வினிகர் வாடை என்றால் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. அந்த ஆவியே சிதைவை இன்னும் முடுக்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். மூடிய டப்பாவில் வைப்பது அதனால்தான் மோசம். வெளியே எடுத்து, வாடை உள்ளதைத் தனியாக, அமிலமில்லாக் காகித உறையில், காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். சுருங்கிச் சுருண்டபின் ஸ்கேனரில் தட்டையாகக் கிடக்காது, ஆகவே உடனே ஸ்கேன்.

1951க்கு முந்திய ஃபிலிம் ஏதும் இருந்தால், ஓரத்தில் 'சேஃப்டி' என்ற அச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய நைட்ரேட் வகை ஃபிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிப்பது, பரணில் வைக்கக்கூடாது. ஆவணக் காப்பகத்தாரைக் கேளுங்கள்.

டிபிஐ கேட்டீர்களே, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3,000. அகலம் 4,250 பிக்சல் வரும். பிரிண்டுக்கு 600, பாஸ்போர்ட் அளவுக்கு 1,200. 4×6 அங்குலப் பிரிண்ட் 600இல் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பாகச் சுமார் 26 எம்பி. 1,200 படமும் அந்த அளவென்றால் 31 ஜிபி, ஒரு பென்டிரைவ் போதும். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அணைத்துவிடுங்கள். வெள்ளித் துகள் அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

பெயர்ப்பட்டியல்: பழைய நார்க் காகிதத்தின் பின்னால் 4பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, நிறமி மையுள்ள பேனா வேண்டும்; காயுமுன் அடுக்கினால் அடுத்த படத்தில் மை பதியும். பால்பாயின்ட் கூடவே கூடாது, அழுத்தம் படத்தின் முன்பக்கத்தில் மேடு தட்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். 'தாத்தா', 'சின்ன அத்தை' என்று எழுதினால் முப்பது வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அது யாருடைய தாத்தா? முழுப்பெயர், தகப்பன் பெயர், 'பின்வரிசை, இடமிருந்து வலம்' என்ற ஒழுங்கு, இடம், வருஷம். வருஷம் ஊகமென்றால் 'சுமார் 1962'. கோப்புக்கு 1962-00-00_001 போலப் பெயர் வைத்தால் தானே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். அதே விவரத்தை ஐபிடிசி குறிப்பிலும் (படக் கோப்புக்குள்ளேயே சேரும் விவரக் குறிப்பு) போடுங்கள், கோப்போடு போகும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஸ்கேன் முடியும்வரை காத்திருக்கவேண்டாம். டேப்லெட்டில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குரலில் பதிவுசெய்யுங்கள். தொடங்கும்போது படத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு தேட வேண்டாம்.

ஆல்பம்_3: மிக்க நன்றி, இன்றைக்கே டப்பாவைத் திறக்கிறேன். வருஷா வருஷம் எடுக்கும் குடும்பப் படத்துக்கு ஏதாவது?

இருட்டறை: அதே இடம், அதே லென்ஸ், அதே தூரம், இருந்தால்தான் வருஷங்களை ஒப்பிடமுடியும். அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் நிற்பவர் முகத்தை இழுத்துவிடும், தள்ளி நின்று 50 மி.மீ.யில் எடுங்கள். இரண்டு வரிசைக்கு லென்ஸ் துளை எஃப்8, இரண்டும் தெளிவாக விழும். பன்னிரண்டு பேர் இருந்தால் எட்டுப் பத்துத் தடவையாவது அழுத்துங்கள், யாராவது கண் மூடியிருப்பார்கள். யார் எங்கே நின்றார் என்பதை அன்றைக்கே எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.