ஒய் சேர் சீட்ல கயிறு அறுந்துடுச்சு, என்ன பண்ணலாம்?

கேள்வி:
டென்மார்க் டிசைனர் ஹான்ஸ் வெக்னரோட ஒய் சேர் (முதுகுல Y வடிவக் கட்டை இருக்குமே, அந்த மர நாற்காலி) பழசு ஒண்ணு வச்சிருக்கேன், கட்டை எல்லாம் கல்லு மாதிரி இருக்கு ஆனா சீட்டுல முன் ஓரத்துல தொடை உரசுற இடத்துல ஒரு இழை அறுந்து சுத்தி உள்ளதும் தளர்ந்துடுச்சு. அந்த இழையை மட்டும் மாத்த முடியுமா, இல்ல மொத்தமும் பின்னணுமா?

பதில்:
மொத்தமும்தாங்க. நாலு பக்கத்துலேர்ந்தும் நடுவுக்கு வர்ற பின்னல் அது, ஒரு இழை விட்டா பக்கத்துல உள்ளதும் இழுவை விட்டுடும். கிட்டத்தட்ட 120 மீட்டர் பேப்பர் கார்டு வேணும், காகிதத்தை முறுக்கி செஞ்ச கயிறுதான். தயவுசெஞ்சு நைலான் போட்டுடாதீங்க, 1949ல அவர் டிசைன் பண்ணது, மரியாதை குடுக்கணும்ல.

பதில்:
புதுசா பின்னுற வரைக்கும் அறுந்த ரெண்டு முனையையும் அடிப்பக்கம் இழுத்து புது துண்டோட முடிச்சு போட்டு வைங்க, நான் அப்படி வச்சே ரொம்ப நாள் ஓட்டினேன்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. கறை வேற இருக்கு, தண்ணி ஊத்தி கழுவலாமா?

பதில்:
ஐயோ வேண்டாம், காகிதம் ஊறிடும். நல்லா பிழிஞ்ச துணியால ஒத்தி எடுங்க, அழுத்தி தேய்ச்சா பிசிறு கிளம்பும்.