லேப்டாப் அடிமூடியில ஃபேன் ஓட்டைய பெருசாக்கலாமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

வணக்கம், நான் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு பக்கம். ஆட்டோகேட்ல வரையறது, அத நிஜப் படம் மாதிரி ஆக்குற ரெண்டரிங்னு லேப்டாப்புலதான் பொழப்பே. ரெண்டரிங் போட்ட கொஞ்ச நேரத்துல பிராசஸர் 95 டிகிரி தொடுது, உடனே ஸ்பீட தானா கொறச்சிக்குது, வேலை இழுத்துக்கிட்டே போகுது. தூசி ஊதியாச்சு, பிராசஸர் சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட்டும் மாத்தியாச்சு.

அடிமூடிய கழட்டினப்பதான் விஷயமே புரிஞ்சுது, வெளிய வரிசையா ஓட்டை மாதிரி தெரியுது, உள்பக்கம் பாத்தா பாதிக்கு மேல அடைச்ச பிளாஸ்டிக், ஃபேனுக்கு நேரா நாலஞ்சு கோடுதான் தொறந்திருக்கு. மூடி இல்லாம ஓட்டுனா 10 டிகிரி கிட்ட கொறையுது. அதான் அந்த எடத்த மட்டும் வட்டமா வெட்டி வலை ஒட்டலாம்னு இருக்கேன், வாரண்டியும் முடிஞ்சிருச்சு. மூடிய தனியா எடுத்து வச்சுதான் வெட்டணும், பிளாஸ்டிக் தூள் போர்டுல விழுந்துடக்கூடாதுல்ல.

சந்தேகம் என்னன்னா, ஃபேன் அளவ தாண்டி வெட்டுனா வெளிய போற சூட்டுக் காத்தையே திரும்ப இழுத்துக்குமா? காத்து நேரா ஃபேனுக்கே போயிட்டா எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கிற டிரைவ்) பக்கம் சூடு ஏறுமா? வலை நைலானா ஸ்டீலா? ஸ்டீல்ல ஒரு கம்பி பிரிஞ்சு விழுந்தாலும் ஷார்ட் ஆயிடும்னு பயமா இருக்கு. ரொம்ப நெருக்கமா போட்டா காத்தையே தடுக்கும், அகலமா போட்டா இங்க கிரானைட் லாரி ஓடுற தூசி பூரா உள்ள வரும்.

சால்டரிங் அயர்ன்ல உருக்கிடலாம்னு ஒரு அண்ணன் சொன்னாரு, ஓரம் கோணலாயிடும், எனக்கு இஷ்டமில்ல. கிருஷ்ணகிரி, ஓசூர்ல சின்ன ரோட்டரி டூல் வச்சு சுத்தமா வெட்டித் தர்றவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்கண்ணா.